வீடுகள் தள்ளிப்போன வருடம்

யோகமலருக்கு எல்லாம் ஒரு சத்தத்திலிருந்துதான் தொடங்கியது. வெறும் சட்டியில் அகப்பைக் காம்பு விழும் சத்தம். ஒரே ஒரு தட்டு, பிறகு பதிலுக்காகக் காத்திருக்கும் அமைதி. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. கரவெட்டியில் வீட்டின் பின்வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் தாயின் முழங்காலோடு முழங்கால் இடிக்கக் குந்தியிருந்து, ஷெல் விழுவது ஓய்ந்து காதுக்குள் அதன் இரைச்சல் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில், வேலிக்கு அங்கால் பக்கத்து வளவுப் பதுங்குகுழிக்குள்ளிருந்து அந்தத் தட்டு வரும். ஒரு தட்டென்றால், இருக்கிறீர்களா என்று கேள்வி. மடியில் வைத்திருக்கும் சட்டியில் யோகமலர் இரண்டு தட்டுத் தட்டுவாள். இருக்கிறோம் என்று பதில்.

அங்கால் இருந்து தட்டியவள் சற்குணம். ஊர் கலைந்து, ஆளுக்கொரு திசையாகப் போய், கடைசியில் எல்லோரும் கனடாவில் வந்து ஒதுங்கிய பிறகு, தன் தம்பி சிவநேசனுக்கு யோகமலரைக் கேட்டு வந்ததும் அதே சற்குணம்தான். "எல்லாரும் சாதகம் பார்ப்பினம். நான் இவளின்ரை தட்டைத்தான் கேட்டனான். ஒருநாளும் பிந்தினதில்லை," என்று பெண் கேட்டு வந்த இடத்தில் தேத்தண்ணியைக் குடித்தபடி சொன்னாள். கரவெட்டியில் பக்கத்து வளவில் இருந்தவர்கள் இப்படித்தான் ஸ்காபரோவிலும் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார்கள். கலியாணம் கட்டாத சற்குணம் ஒரு வீட்டில், தம்பி குடும்பம் அடுத்த வீட்டில். இரண்டுக்கும் நடுவே குப்பைத் தொட்டிகள் நிற்கும் அளவுக்கு மட்டுமே இடைவெளி. இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்மல் கேட்கும்.

அந்த இடைவெளி பெருகத் தொடங்கியது நோய் வந்த வருடத்தின் வசந்தத்தில்.

முதலில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் நிற்க இடம் வந்தது. பிறகு ஒரு கார். தெருவில் எல்லா வீடுகளும் இரவில், எவரையும் எழுப்பாமல், சுவரில் மாட்டிய படம்கூடச் சரியாமல், ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. நகரசபையிலிருந்து ஒருவர் முகக்கவசத்தோடு வந்து நாடா பிடித்து அளந்து பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் விலகியிருப்பது நல்லதுதானே என்று சொல்லிப் போனார். தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் தாங்களாகவே நீண்டுகொடுத்ததால் ஒருவரும் பெரிதாக முறைப்பாடு செய்யவில்லை. விலகிய இடங்களில் புல் வந்தது, புல்லுக்கு வாத்துகள் வந்தன, வாத்துகளைப் பார்க்கப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்தார்கள். கடிதம் கொண்டுவரும் பெண் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டாள். மூலை வீட்டு வியட்நாம்காரர் புதிதாகக் கிடைத்த நிலத்தில் வெங்காயம் நட்டு, விளைந்ததைப் பிடிபிடியாகக் கட்டி ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டுத் தட்டாமல் போனார். வீடுகள் தள்ளிப்போவதைப் பற்றிய பேச்சு, மழையைப் பற்றிய பேச்சைப் போலவே, ரெலிபோனில் முதல் வாக்கியமாக வந்து முதல் வாக்கியத்தோடு முடிந்தது.

ஏன் என்று கண்டுபிடித்தவர் எதிர்ப்பக்கத்தில் இருந்த டெஸ்மண்ட். ஜமேக்காவிலிருந்து வந்து, வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டி ஓய்வெடுத்தவர். மனைவி பேர்ல் இறந்த பிறகு வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தவர். "யாராவது வந்து கதவைத் தட்டிய வீடு அன்றைக்கு நகர்வதில்லை," என்று புல்வெளிக்கு அங்காலிருந்து கூவிச் சொன்னார். "அடுத்த தெருவில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தட்டிய வீட்டைப் பாருங்கள், அன்று முழுக்க அசையவில்லை. நான் என் கதவை நானே தட்டிப் பார்த்தேன். அது செல்லாது. வேறு கை வேண்டும்."

வேறு கைகள்தான் அந்த வருடம் தட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தன. பார்சல் கொண்டுவருகிறவர்கள் வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தட்டினால் திறக்க வேண்டும், திறந்தால் மூச்சு வரும் என்று இரண்டு பக்கத்திலும் பயம். ஆவணியில் ஒரு காலை, தெருவின் கடைசி வீட்டில் இருந்த வயதான தம்பதியின் கூரை கண்ணுக்கெட்டாமல் போயிருந்தது. அவர்களுக்குப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. கடிதக்காரப் பெண் அந்தப் பக்கமாக ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் மிதித்துப் பார்த்துவிட்டு, புல்தான் இருக்கிறது என்றாள்.

எல்லா வீடுகளிலும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது சற்குணத்தின் வீடு. அதற்குக் காரணம் யோகமலருக்குத் தெரியும்.

யோகமலர் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தாள். சித்திரை மாதத்தில் அங்கே காலையில் எடுத்துவைக்கும் சாப்பாட்டுத் தட்டங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தன. ஏன் குறைகின்றன என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அப்படி ஒரு நாள் வேலை முடிந்து வந்து, குளித்து, தலையில் ஈரத்தோடு புட்டு அவித்து, சட்டியில் நிறைத்துக்கொண்டு மச்சாள் சற்குணத்தின் பச்சைக் கதவில் போய்த் தட்டினாள். உள்ளே செருப்புச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு சங்கிலி போடும் சத்தம்.

"மச்சாள், நான் யோகம்."

"தெரியுது. வைச்சிட்டுப் போ."

சற்குணத்துக்குத் தொய்வு வருத்தம். மாரியில் மூச்சு விடுவதே ஒரு வேலை. யோகமலர் வேலை செய்யும் இடத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் பெயர் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் யோகமலருக்கு விளங்கியது. விளங்கியும், சட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வருகையில், நான் ஒரு தட்டுத் தட்டினேன், எனக்கு இரண்டு தட்டு வரவில்லை என்ற எண்ணம் ஈரத் துணி மாதிரி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. சற்குணமும் கூப்பிடவில்லை. சட்டியும் திரும்பி வரவில்லை, ஏனென்றால் ஒரு வீட்டுச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும், கொடுக்கப் போனால் முகம் பார்க்க வேண்டும்.

லொறி ஓட்டும் சிவநேசன்தான் வாரத்துக்கொரு தடவை அக்காவுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு புல்வெளியைக் கடந்து போய் வந்தான். இலைகள் சிவக்கத் தொடங்கியபோது அந்த வீடு இன்னொன்றும் பழகியது. அவன் கிட்டப் போகப் போக, புது ஆளைக் கண்ட மாடு மாதிரி, அது பின்னால் போனது. பையைப் புல்லில் வைத்துவிட்டு அவன் திரும்பி வந்த பிறகு, தூரத்தில் ஒரு சிறு உருவம் இறங்கி வந்து பையை எடுத்துக்கொண்டு ஏறும். ரெலிபோன் எடுத்தால் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"இஞ்சேரும்," என்றான் ஒரு பின்னேரம் ஜன்னலடியில் நின்று. "இப்ப லைற்றுத்தான் தெரியுது. பனி கொட்டத் துவங்கினா அதுவும் தெரியாது. அந்தக் கடைசி வீடு போன மாதிரிப் போயிடும்."

"நான் என்ன செய்யிறது? பூட்டினது அவ."

"அவ பூட்டினவ. நீர் தட்டுறதை விட்டுட்டீர்."

யோகமலர் பருப்பைக் கிண்டினாள். ஆனால் அன்றிலிருந்து அடுப்படி ஜன்னலின் திரையை அவள் இழுத்து மூடவில்லை.

பிள்ளைகள் வேஷம் போட்டு, கதவு கதவாகத் தட்டி இனிப்பு வாங்கும் ஹலோவீன் வந்தது. அந்தத் தெருவுக்கு ஹலோவீன் என்றால் சற்குணம்தான். அதற்கொரு கதை இருந்தது. சற்குணம் கனடாவுக்கு வந்த முதல் வருடம், எதிர்வீட்டு டெஸ்மண்டின் வாசலில் ஒரு பூசணிக்காய் இருப்பதைக் கண்டாள். குடைந்திருந்தது, முகம் கீறியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. ஊரில் கடை திறந்தாலும் வாகனம் வாங்கினாலும் நீற்றுப்பூசணியைக் குடைந்து, குங்குமம் போட்டு, கற்பூரம் கொளுத்தி, கண்ணூறும் நாவூறும் போக முச்சந்தியில் உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அடுத்த நாளும் பூசணிக்காய் அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. "பாவம் அந்த மனிசன். எல்லாம் முறையாச் செய்துபோட்டு உடைக்க மறந்திட்டுது. உப்பிடியே விட்டால் வீட்டுக்குக் கூடாது," என்று சொல்லி, குளித்து, திருநீறு பூசி, அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெரு பிரியும் இடத்தில் வைத்து, கற்பூரம் ஏற்றி, மூன்று தரம் சுற்றி, ஓங்கி நிலத்தில் அடித்தாள். கார்க்கதவைத் திறந்தபடி டெஸ்மண்ட் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் மொழிபெயர்க்கப்பட்டு அவர் வீட்டுக்குள் போனபோது, பேர்ல் சிரித்த சிரிப்பில் வாசல் வரை வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இவ்வளவு வருடமாக அந்தக் கெட்ட கண்ணையெல்லாம் வாசலில் வைத்து அழுக விட்டிருக்கிறோமே," என்றாள்.

அடுத்த வருடம் பேர்ல் தன் பூசணிக்காயைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கடுத்த வருடம் மூலை வீட்டுக்காரர் கொண்டுவந்தார். பிறகு அது தெருவின் வழக்கமாகிவிட்டது. ஹலோவீன் முடிந்து எல்லோரும் பூசணிக்காய்களோடு முச்சந்திக்கு வருவார்கள், சற்குணம் ஒவ்வொன்றாக உடைப்பாள், பிள்ளைகள் கை தட்டுவார்கள், அணில்கள் ஒரு வாரம் விருந்து தின்னும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உலகம் முழுக்க ஹலோவீன் அப்படித்தான் முடிகிறது என்று நம்பியிருந்தார்கள்.

இந்த வருடம் வீடு வீடாகப் போக வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம் என்று அறிவித்தல் வந்தது. டெஸ்மண்ட் தன் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு நீண்ட வடிகால் குழாயைக் கட்டி, மேலே இனிப்பைப் போட்டால் கீழே விழும்படி செய்தார். அதைப் பார்த்து எல்லா வீட்டிலும் குழாய் முளைத்தது. யோகமலரின் மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. அவள் பேயாகவும் இல்லை, சூனியக்காரியாகவும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப் பெட்டியை வெட்டி, பச்சைச் சாயம் பூசி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, ஒரு கைப்பிடியும் ஒட்டினாள்.

"உதென்ன வேஷம்?" என்றான் சிவநேசன்.

"கதவு. சற்குணம் மாமியின்ரை கதவு. தட்டக் கூடாதெண்டுதானே ஸ்கூலிலை சொன்னவை. கதவு நடந்து போகக் கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"எங்கை நடக்கப் போகுது கதவு?"

"மாமியிட்டை. அவ தன்ரை கதவைத் திறக்கத் தேவையில்லை. என்னைத் தட்டட்டும்."

சிவநேசன் யோகமலரைப் பார்த்தான். யோகமலர் மட்டைக் கதவைப் பார்த்தாள். கைப்பிடி இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம் ஒட்டியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், "தொப்பி போடு, வெளியிலை குளிருது," என்றாள்.

வெளிச்சம் மங்கும் முன்பே கதவு புல்வெளியில் இறங்கிவிட்டது. அது இறங்கியதை டெஸ்மண்ட் தன் படியிலிருந்து கண்டார். கண்டவர் உள்ளே போய், முகக்கவசம் போட்டு, தன் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். அவரைக் கண்டு மூலை வீட்டுக்காரர் வந்தார். கடிதக்காரப் பெண் தன் வீட்டுப் பூசணிக்காயைச் சைக்கிள் கூடையில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் எலும்புக்கூடுகளாகவும் வண்ணத்துப்பூச்சிகளாகவும் வந்தார்கள். ஒருவருக்கொருவர் ஆறடி விட்டு, முழங்கால் உயரப் புல்லில், பூசணிக்காய்களுக்குள் எரியும் விளக்குகள் அணையாதபடி கைகளால் மறைத்துக்கொண்டு, அந்தத் தெரு முழுவதும் ஒரு நீண்ட வரிசையாக, கண்ணுக்கெட்டும் தூரத்தின் கடைசியில் இருந்த ஒரு மஞ்சள் ஜன்னலை நோக்கி நடந்தது. இனிப்பு வைத்திருந்த பிஸ்கட் தகரப் பேணியை இடுப்பில் அணைத்தபடி கடைசியாக யோகமலர் நடந்தாள். தன்னைக் கண்டால்தான் அந்த வீடு ஓடும் என்று அவளுக்கு நிச்சயமாக இருந்தது.

வீடு ஓடியது. அவர்கள் பாதி வெளியைக் கடந்தபோது மஞ்சள் ஜன்னல் சிறிதாகியது. கதவு ஓடிப் பார்த்தது; வீடு இன்னும் பின்னால் போய், நிலம் சரியும் விளிம்பில், பாதி அங்காலும் பாதி இங்காலுமாக நின்றது. அதற்கு அங்கால் வானம் மட்டுமே இருந்தது.

"நில் ஆரணி," என்றான் சிவநேசன். "இன்னும் ஒரு அடி வைச்சியெண்டால் போயிடும்."

எல்லோரும் நின்றார்கள். டெஸ்மண்ட் பூசணிக்காயைப் புல்லில் இறக்கி வைத்தார். "அது பயந்துபோன வீடு," என்றார் மெதுவாக. "அதட்டவும் முடியாது, பிடித்து நிறுத்தவும் முடியாது. அப்படிப்பட்ட பயணிகளை நான் பார்த்திருக்கிறேன்."

மட்டைக் கதவின் ஓட்டைகளுக்குள்ளிருந்து ஆரணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, கிட்டப் போனாத்தானே தட்டலாம்?"

அந்தக் கேள்விக்குத்தான் யோகமலருக்குப் பதில் தெரிந்திருந்தது. பதினாறு வயதிலேயே தெரிந்திருந்தது. அவள் பேணியைத் திறந்து, இனிப்புகளைப் பிள்ளைகளின் பைகளுக்குள் கவிழ்த்தாள். வெறும் பேணியை மடக்கிய கையில் ஏந்திக்கொண்டு, வீட்டுச் சாவியை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

சத்தம் புல்லின் மேலாகப் போனது. வாத்துகள் தலை நிமிர்த்தின. வேறொன்றும் நடக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் அந்தக் கதவடியில் நின்ற அதே அமைதியில் யோகமலர் நின்றாள். ஆனால் இந்தத் தடவை திரும்பி நடக்கவில்லை. பதுங்குகுழிக்குள் இருக்கும்போது பதில் பிந்தினால் திரும்பி எங்கேயும் போக முடியாது, இருந்து காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு தடவை அப்படிக் காத்திருந்தபோது, வேலிக்கு அங்கால் சட்டி மண்ணில் புதைந்துவிட்டதென்று கையால் கிளறி எடுத்துத் தட்டியவள் சற்குணம்.

பூசணிக்காய் விளக்குகளில் சில அணைந்தன. ஒரு வண்ணத்துப்பூச்சி தாயிடம் குளிருகிறது என்றது.

அப்போது விளிம்பிலிருந்து வந்தது. சட்டியின் மேல் அகப்பைக் காம்பு. ஒன்று. இரண்டு.

வீடு நின்றுவிட்டது. நிற்பதை எல்லோரும் காலடியில் உணர்ந்தார்கள், பேருந்து தரிப்பிடத்தில் ஒரு சிறு உலுக்கலோடு நிற்பதைப் போல. டெஸ்மண்ட் தன்னை அறியாமல் ஒரு கையை நீட்டி, இல்லாத கைபிரேக்கை இழுத்துவிட்டார்.

சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. பச்சைக் கதவு திறந்து, இரண்டு முகக்கவசம் போட்டு, ஆண்களின் குளிர்ச்சட்டையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் சட்டியும் ஒரு கையில் அகப்பையுமாகச் சற்குணம் படிக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். புல்லில் நிற்கிற தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"எல்லாரும் வந்திட்டியள். ஹலோவீன் முடியேல்லை, அதுக்குள்ளை கொண்டு வந்திட்டியள். நாளைக்கல்லோ உடைக்கிறது." பிறகு தன் கதவையும் எதிரே நின்ற கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உது ஆரடி, கைப்பிடியைப் பிழையான பக்கம் வைச்சுக்கொண்டு நிக்கிறது?"

"நான்தான் மாமி."

"பொறு வாறன்." அவள் படியிறங்கி வந்து, அகப்பையை முழு நீளத்துக்கும் நீட்டி, மட்டைக் கதவில் மெல்லத் தட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

யோகமலர் ஆறடியில் வந்து நின்றாள். அதற்கு மேல் போகவில்லை. சற்குணம் கையிலிருந்த சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"புட்டுக்கு உப்புக் காணாது," என்றாள் சற்குணம்.

"எப்ப?"

"சித்திரையிலை."

"அப்ப திண்டனீங்கள்?"

"பின்னை? அண்டைக்கே திண்டனான். கதவடியிலை இருந்துகொண்டு." அவளுக்கு மூச்சு இரைத்தது, நின்று எடுத்துவிட்டுத் தொடர்ந்தாள். "நீ தட்டினது கேட்டது யோகம். சட்டி வெளியிலை எல்லே இருந்தது. நான் எதிலை தட்டுறது?"

யோகமலர் முகக்கவசத்துக்குள் சிரித்தாள், அல்லது அழுதாள். முகக்கவசம் இருந்ததால் அது அவளுக்கு மட்டும் தெரிந்தது. "சரி, இப்ப சட்டியைத் தாங்கோ, மச்சாள். உப்புப் போட்டு அவிச்சுக்கொண்டு வாறன்."

"வெறுஞ்சட்டி தரமாட்டன். அங்காலை தள்ளி நில், பூசணிக்காயைக் கொண்டு வாங்கோ எல்லாரும்."

முச்சந்திக்குப் போக நேரமில்லை, அது வெகுதூரத்தில் இருந்தது. அந்தப் புல்வெளியின் நடுவே, நாள் பார்க்காமல், சற்குணம் பூசணிக்காய்களை ஒவ்வொன்றாகச் சுற்றி உடைத்தாள். இரண்டாவதோடு அவளுக்கு மூச்சு வாங்கவே, மிச்சத்தை அவள் சொல்லச் சொல்ல யோகமலர் உடைத்தாள். டெஸ்மண்டின் முறை வந்தபோது அவர், "பேர்லுக்காக ஓங்கி அடி," என்றார். ஓங்கி அடித்தாள். நல்ல சதையாகத் தெறித்த ஒரு துண்டைச் சற்குணம் குனிந்து எடுத்து, புல்லைத் துடைத்து, சட்டிக்குள் போட்டு நிலத்தில் வைத்துவிட்டு ஆறடி பின்னால் போனாள். யோகமலர் முன்னால் போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டாள். அன்றிரவு அந்தத் துண்டைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தார்கள்.

அன்றிலிருந்து தெருவில் ஆளுக்காள் தூரத்திலிருந்தே சட்டியில் தட்டிக் கேட்டுக்கொண்டதில் வீடுகள் மேலும் தள்ளிப்போகவில்லை, ஆனால் நெருங்கி வரவுமில்லை. நோய் போன பிறகும் நின்ற இடத்திலேயே நின்றன. நகரசபை புதிதாக வீதி போட்டு, மின்கம்பம் நட்டு, வீட்டிலக்கங்களை மாற்றி எழுதியது. கடைசி வீட்டுத் தம்பதியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஹலோவீன் முடிந்தால் தெரு இப்போதும் பூசணிக்காய்களோடு அந்தப் புல்வெளிக்குத்தான் போகிறது.

சற்குணம் தடுப்பூசி இரண்டும் போட்ட பிறகு, பச்சைக் கதவு வீட்டை ஒரு இளம் பிலிப்பைன்ஸ் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, தம்பி வீட்டு நிலக்கீழ் அறைக்குக் குடிவந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். காலையில் தேத்தண்ணி வேண்டுமென்றால் அகப்பைக் காம்பால் அறையின் உட்கூரையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள்.